பேலியின் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால்

வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் 1802-இல் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' நூல் ஒரு பாக்கெட் கடிகாரத்தோடுதான் தொடங்குகிறது. பொட்டல் வெளியில் நடந்து போகிறவனின் காலில் ஒரு கல் இடறுகிறது. இது எப்படி இங்கே வந்தது என்று யாராவது கேட்டால், எந்தக் காலத்திலிருந்தோ இங்கேயே கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அதே இடத்தில் ஒரு கடிகாரம் கிடந்தால் அந்தப் பதில் எடுபடாது. அதன் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, நேரம் காட்டுவது என்ற ஒரே நோக்கத்துக்காக அமைந்திருக்கின்றன. ஆகவே திட்டமிட்டு அதைச் செய்த ஒருவன் எங்கேயோ எப்போதோ இருந்திருக்க வேண்டும். கண்ணும் காதும் சிறகும் கடிகாரத்தைவிட நுட்பமானவை. அவற்றைச் செய்தவனும் ஒருவன் உண்டு, அவனே கடவுள். பேலியின் வாதம் இவ்வளவுதான். இருநூறு ஆண்டுகளாக இதை ஆதரித்தவர்களும் மறுத்தவர்களும் பெரும்பாலும் கண்ணைப் பற்றியே வாதாடினார்கள். கடிகாரத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை. கடிகாரம் என்றால் ஒரு மூளை, ஒரு கை, ஒரு திட்டம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே சண்டையைத் தொடங்கின. அந்த ஒப்புதலே தவறு என்பது என் வாதம். அதற்கான சாட்சியத்தைத் தத்துவ நூல்களில் தேடுவதைவிட, பழைய ஆங்கிலப் பாக்கெட் கடிகாரங்களைச் சேகரிப்பவர்களிடம் கேட்பது நல்லது. மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸ் வைத்து, உள்ளே இருப்பதைப் பல ஆண்டுகள் பார்த்தவர்கள் அவர்கள்.

பேலி வர்ணிக்கிற கடிகாரம் கற்பனைப் பொருளாகத் தோன்றவில்லை. உருளைப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும் ஸ்பிரிங், அந்தப் பெட்டியிலிருந்து ஃப்யூசிக்கு இழுத்துச் செல்லும் வளையக்கூடிய சங்கிலி, துருப்பிடிக்காத பித்தளையில் சக்கரங்கள், மீள்தன்மைக்காக எஃகில் ஸ்பிரிங், முகத்துக்கு மேலே கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இங்கிலாந்தில் அந்நாளில் பலருடைய சட்டைப்பையில் இருந்த கடிகாரம் இதுதான். ஃப்யூசி என்பது கூம்பு வடிவத்தில் சுற்றுவரிப் பள்ளம் வெட்டிய ஓர் உருளை. முழுக்கச் சாவி கொடுத்த ஸ்பிரிங் பலமாக இழுக்கும். தளரத் தளர இழுவை குறையும். பலமாக இழுக்கும்போது சங்கிலி கூம்பின் மெலிந்த முனையிலும், தளர்ந்த பிறகு அகன்ற அடியிலும் சுற்றியிருந்தால் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் விசை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அந்தச் சங்கிலியை லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். சைக்கிள் சங்கிலியின் அமைப்பேதான்: எட்டு வடிவத் தகடுகள், நடுவில் ஊசிமுனை ஆணிகள். ஆனால் மொத்த நீளமே ஒரு சாணளவு. அதற்குள் நூற்றுக்கணக்கான தகடுகளும் ஆணிகளும். இங்கிலாந்தின் தென்கரையில் கிறைஸ்ட்சர்ச் என்ற சிற்றூரில் ராபர்ட் காக்ஸ் என்பவர் 1790-இல் இந்தச் சங்கிலித் தொழிலைத் தொடங்கினார். செய்தவர்கள் பெண்கள், அவர்களில் ஏழைகள் விடுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமிகளும் உண்டு. தகட்டை வெட்டுவதும் துளையில் ஆணியைச் செருகித் தட்டுவதும் கண்ணைத் தின்கிற வேலை. அந்தச் சிறுமிகளில் எவள் பெயரும் எந்தக் கடிகாரத்திலும் இல்லை. படைத்தவனின் அறிவுக்கு அடையாளமாக பேலி எடுத்துக் காட்டிய பாகங்களில் ஒன்று இந்தச் சங்கிலி.

சங்கிலி மட்டுமல்ல, மற்றப் பாகங்களும் அப்படித்தான். 1747-இல் ஆர். கேம்ப்பெல் லண்டன் தொழில்களைப் பற்றி எழுதிய கையேட்டில் கடிகாரக்காரரின் வேலை என்னவென்று தெளிவாக இருக்கிறது: தொடக்க காலத்தில் எல்லாவற்றையும் தாமே செய்தார்கள், இப்போது சக்கரம், ஸ்பிரிங், சங்கிலி, முகத்தட்டு, உறை என ஒவ்வொன்றையும் வெவ்வேறு கைவினைஞரிடம் செய்து வாங்கி, பொருத்தி, ஓட விட்டுத் தம் பெயரைப் பொறிக்கிறார்கள். சக்கரங்களும் தகடுகளும் சேர்ந்த கரட்டு இயந்திரம் பெரும்பாலும் லங்காஷயரில் பிரெஸ்காட்டைச் சுற்றியிருந்த குடிசைகளில் உருவாகி, லண்டன் கிளெர்க்கன்வெல்லுக்கோ கவென்ட்ரிக்கோ லிவர்பூலுக்கோ போய் முடிவடைந்தது. வேலைப் பிரிவினைக்கு உதாரணம் தேடிய பொருளாதார அறிஞர்கள் திரும்பத் திரும்பக் கடிகாரத்திடம் வந்ததும் இதனால்தான். 17-ஆம் நூற்றாண்டில் வில்லியம் பெட்டி வந்தார். ஆடம் ஸ்மித் 1776-இல், முந்தைய நூற்றாண்டின் நடுவில் 20 பவுனுக்கு விற்றதைவிட நல்ல இயந்திரம் இப்போது 20 ஷில்லிங்குக்குக் கிடைக்கலாம் என்று கணக்குச் சொன்னார். மார்க்ஸ் 'மூலதன'த்தில் கடிகாரத் தொழிலின் பிரிவுகளைப் பெயர் சொல்லி அடுக்கிக்கொண்டே போகிறார். ஆகவே தகட்டில் பொறித்த பெயர் ஒரு பட்டறையின் பொறுப்பைச் சொல்லுமே தவிர, செய்தவர் யார் என்று சொல்லாது. சில நேரம் பொறுப்பைக்கூடச் சொல்லாது; டாம்பியன், குவேர் போன்ற லண்டன் கடிகாரக்காரர்களின் புகழ் பரவியதும் அவர்கள் தொட்டே பார்க்காத கடிகாரங்களில் அவர்கள் பெயர் ஏறியது. தேர்ந்த சேகரிப்பாளர் அதனால்தான் பெயரைக் கடைசியில் பார்க்கிறார். முதலில் உறையின் உட்புறத்தைப் பார்ப்பார். அங்கே வெள்ளியின் தரமுத்திரையும் ஆண்டெழுத்தும் உறை செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும். அவற்றைச் சுற்றி, ஊசியால் கீறிய மெல்லிய கோடுகள்: பழுது பார்த்தவர்கள் விட்டுச் சென்ற அடையாளங்கள், தேதிகள், அவர்களுக்கு மட்டுமே புரிகிற எண்கள்.

வேலை பிரிந்திருந்தால் என்ன, யோசனை ஒருவருடையதாக இருக்கலாமே என்று தோன்றும். சிக்கலான இயந்திரங்களின் வரலாறு அதற்கும் இடம் கொடுக்கவில்லை. இருட்டில் பொத்தானை அழுத்தினால் மணியையும் கால் மணியையும் அடித்துச் சொல்கிற ரிப்பீட்டர் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் நத்தை ஓடு போலப் படிப்படியாக இறங்கும் ஒரு தகடு உண்டு. மணிக்குப் பன்னிரண்டு படி. அழுத்தும்போது ஒரு கரம் அந்தப் படியின் மேல் விழும். எவ்வளவு ஆழம் விழுகிறதோ அத்தனை அடி. எட்வர்ட் பார்லோ என்ற பாதிரியார் இதற்கு உரிமம் கேட்டபோது லண்டன் கடிகாரக்காரர்கள் எதிர்த்தார்கள். டேனியல் குவேரும் இதைச் செய்திருக்கிறார் என்றார்கள். 1687-இல் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். பார்லோவுடையதில் மணிக்கும் கால் மணிக்கும் தனித்தனியாக அழுத்த வேண்டும். குவேருடையதில் ஒரே அழுத்தம் போதும். அரசர் குவேர் பக்கம் சாய்ந்தார். பார்லோவின் யோசனையைக் கடிகாரமாக்கித் தந்தவரோ டாம்பியன். யார் இதன் கர்த்தா? அரசரின் தீர்ப்பு உரிமத் தகராறைத் தீர்த்தது, இந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை.

இதைவிட ஆழமான சாட்சி தாமஸ் மட்ஜ். ஸ்பிரிங்கின் விசையைத் துளித்துளியாக விடுவிக்கிற உறுப்புக்கு எஸ்கேப்மெண்ட் என்று பெயர்; கடிகாரத்தின் டிக்டிக் ஒலி அங்கிருந்துதான் வருகிறது. 1750களின் நடுவில் மட்ஜ் லீவர் எஸ்கேப்மெண்டைக் கண்டார். அதைக் கொண்ட முதல் பாக்கெட் கடிகாரம் 1770-ஐ ஒட்டி மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ராணி சார்லட்டுக்குக் கொடுத்தது. இன்றும் அரச சேகரிப்பில் இருக்கிறது. இதைச் சரியாகச் செய்யக்கூடிய கைகள் மிகக் குறைவு என்று சொல்லி மட்ஜ் அதை விட்டுவிட்டு, எஞ்சிய ஆண்டுகளைக் கப்பல் கடிகாரங்களுக்குக் கொடுத்தார். 1780களில் ஜோசையா எமரி அதை எடுத்தார். 1791-இல் லிவர்பூலில் பீட்டர் லித்தர்லாண்ட் பல்சக்கரம் வைத்து வேறொரு லீவருக்கு உரிமம் பெற்றார். 1814-இல் எட்வர்ட் மாஸி இன்னொரு வடிவத்துக்கு. இப்படிப் பலர் கை மாறிய பிறகே ஆங்கில லீவர் நிலைபெற்றது. இன்று உலகில் ஓடுகிற மெக்கானிக்கல் கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் மட்ஜின் கருத்து துடிக்கிறது. கண்டுபிடித்தவருக்கே தாம் எதைக் கண்டோம் என்பதன் அளவு தெரியவில்லை. பேலி கேட்கிற முழு முன்னறிவு கடிகாரத்தின் வரலாற்றில் எந்த இடத்திலும் இல்லை. இருப்பது தடவித் தடவிப் போன கைகள், பாதியில் விட்ட முயற்சிகள், முன்னவர் விட்ட இடத்தில் எடுத்த பின்னவர்கள். டேவிட் ஹியூம் இதை ஊகித்திருந்தார். அவர் இறந்த பிறகு 1779-இல் வெளிவந்த உரையாடல்களில், அழகான கப்பலைக் கண்டு தச்சனை மெச்சுகிறோம். பிறகு பார்த்தால் அவன் பல தலைமுறைகளின் தவறுகளும் திருத்தங்களும் சேர்த்துவைத்த கலையைப் பார்த்துச் செய்தவன்தான் என்கிறார். பேலி இதைத் தாண்டித்தான் எழுதினார். உலகம் முழுவதும் ஒரே பாணியில் அமைந்திருப்பதால் படைத்தவன் ஒருவனே என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆனால் ஆங்கிலக் கடிகாரங்களும் ஒரே பாணியில்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மரபில் பயின்றதால் வந்த ஒற்றுமை அது.

எத்தனை பேர் செய்தால் என்ன, அத்தனை பேரும் அறிவுள்ள மனிதர்கள்தானே, கடிகாரம் தானாக முளைக்கவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடிகாரம் அறிவின் விளைவு என்பதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது, சாட்சியை அழைத்தால் அது சொல்வது முழுவதையும் கேட்க வேண்டும் என்பதைத்தான். கடிகாரத்தை வைத்து உலகத்துக்கு ஒரு கர்த்தாவை நிறுவுகிறவர், அதே கடிகாரம் தன் கர்த்தாக்கள் பலர், சாகிறவர்கள், தவறு செய்து கற்றவர்கள், பித்தளையையும் எஃகையும் தாங்கள் படைக்காமல் வாங்கியவர்கள் என்று சொல்வதையும் சேர்த்து ஏற்க வேண்டும். பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது வாதமாகாது. ஜார்ஜ் டேனியல்ஸ் இருக்கிறாரே என்பது இன்னொரு மறுப்பு, இது வலுவானது. 2011-இல் மறைந்த அவர் உறை, முகத்தட்டு, முள், சக்கரம், எஸ்கேப்மெண்ட் எல்லாவற்றையும் தம் பட்டறையில் தம் கையாலேயே செய்தார். 1982-இல் அவர் செய்த 'ஸ்பேஸ் டிராவலர்' சூரிய நேரத்தையும் நட்சத்திர நேரத்தையும் ஒருசேரக் காட்டும். ஒரே கை, ஒரே மூளை. பேலி கேட்ட மனிதர் இவர்தானே? இவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் டேனியல்ஸ் ஆசிரியராகக் கொண்டது பாரிஸில் தொழில் செய்த ப்ரெகே என்ற மேதையின் கடிகாரங்களை. அவற்றைப் பழுது பார்த்துக் கற்று, 1975-இல் அவரைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அவருடைய கோஆக்சியல் எஸ்கேப்மெண்ட் பழைய எஸ்கேப்மெண்டுகளின் நிறைகுறைகளை எடைபோட்டுப் பிறந்தது. கைகள் ஒன்றாக இருந்தன. அந்தக் கைகளுக்குள் இருந்த கலை முன்னூறு ஆண்டு வயதானது.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். டார்வின் 1859-இலேயே இந்த வழக்கை முடித்துவிட்டாரே, செத்த பாம்பை ஏன் அடிக்க வேண்டும்? கேம்பிரிட்ஜில் படித்தபோது பேலியை விரும்பி வாசித்த டார்வின், இயற்கைத் தேர்வு தெரிந்த பிறகு அந்தப் பழைய வாதம் நிற்கவில்லை என்று தன்வரலாற்றில் எழுதியது உண்மை. அது கண்ணைப் பற்றிய தீர்ப்பு. கடிகாரத்தைப் பற்றிய படிமம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986-இல் எழுதிய 'குருட்டுக் கடிகாரக்காரர்' நூலிலேகூட, உண்மையான கடிகாரக்காரனுக்கு முன்னோக்கு உண்டு, இயற்கைக்கு இல்லை என்ற எதிர்நிலைதான் அடிப்படை. இந்தப் படிமம் கடவுளை மட்டுமா பாதிக்கிறது? அறிவு என்பது ஒற்றை மேதையின் தலையில் முழுதாகப் பிறக்கிறது, மற்றவர்கள் அவனுடைய கருவிகள் என்ற எண்ணம் தொழிற்சாலையிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் இன்றுவரை சம்பளத்தையும் புகழையும் பங்கிடுகிறது. கிறைஸ்ட்சர்ச் சிறுமிகளை மறைத்ததும் அதே எண்ணம். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். கடிகாரங்களும் உயிர்களைப் போலப் பரிணாமம் அடைந்தவை என்று சொல்லிவிட்டால் வசதியாக இருக்கும். தேவை குறைந்த பிறகும் ஆங்கிலேயர்கள் லீவர் கடிகாரத்தில் ஃப்யூசியை விடாமல் வைத்திருந்தது, சுவிஸ்காரர்கள் அதை எறிந்துவிட்டுச் சந்தையைப் பிடித்தது எல்லாம் அப்படித் தோன்றச் செய்யும். ஆனால் கடிகாரத்தில் ஒவ்வொரு மாற்றமும் ஒருவர் யோசித்துச் செய்தது. குருட்டுத்தனமான மாறுதல் இல்லை, அனைத்தும் அறிந்த திட்டமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், முன்னோர் கொடுத்ததை வாங்கித் திருத்துகிற மனித அறிவு இருக்கிறது. இரு தரப்பும் பார்க்கத் தவறிய இடம் அது.

நம்பிக்கையுள்ளவருக்கு இது இழப்பா? இழப்பு என்று நினைப்பவர்கள் ராமானுஜரைப் படிக்க வேண்டும். திருவரங்கத்தில் இருந்து வைணவத்தை நிலைநாட்டிய அவர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் இதே வாதத்தை எடுத்து நிராகரிக்கிறார். குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல உலகத்துக்கு ஒரு கர்த்தா இருந்தாக வேண்டும் என்று அனுமானத்தால் நிறுவ முடியாது என்கிறார். மலையும் கடலும் ஒரே நேரத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கர்த்தாக்கள் செய்திருக்கலாமே என்று கேட்கிறார். ஹியூமுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாத்திகரின் வாயிலிருந்து வராமல் திருமாலடியார் ஒருவரின் வாயிலிருந்து வந்த கேள்வி. ஈசுவரனைச் சாத்திரத்தால்தான் அறிய முடியும், அனுமானத்தால் முடியாது என்பது அவர் முடிவு. சைவ சித்தாந்தம் எதிர்வழியில் போனது. குயவன் உவமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் முழுதாக ஏற்றது. மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்து, குயவன் மண்ணைப் படைக்காததுபோல இறைவனும் மாயையைப் படைக்கவில்லை, அது அநாதி என்று உவமை சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டது. நேர்மையில் இரண்டு வழிகளும் பேலியின் வழியைவிட உயர்ந்தவை என்பேன். ஒன்று சாட்சியை அழைக்கவில்லை. மற்றது அழைத்துவிட்டு முழுவதும் கேட்டது.

கடிகாரத்திடம் முழுவதும் கேட்டால் இன்னொன்றும் தெரியவரும். 1715-இல் லைப்னிட்ஸ் வேல்ஸ் இளவரசி கரோலைனுக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டனின் கடவுளைக் கண்டித்தார்: அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டிய, துடைத்துப் பழுது பார்க்க வேண்டிய கடிகாரத்தையா கடவுள் செய்வார்? நியூட்டன் சார்பில் சாமுவேல் கிளார்க் பதில் எழுதினார். அரசன் இல்லாமலே தானாக நடக்கிற நாட்டில் அரசன் பெயருக்குத்தான் அரசன் என்றார். லைப்னிட்ஸ் பேசிய குறையற்ற கடிகாரம் யார் கையிலும் இருந்ததில்லை. இருக்கிற கடிகாரங்கள் எல்லாம் கிளார்க் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. ஃப்யூசிக் கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். எண்ணெய் காய்ந்து பிசுக்காகி, மாணிக்கத் துளைக்குள் சுழலும் முனையைத் தேய்க்கத் தொடங்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கழுவாவிட்டால் செய்தவரின் மேதைமை எதற்கும் உதவாது. உறைக்குள் ஊசியால் கீறிய தேதிகள் இந்தப் பராமரிப்பின் பதிவு. 1760இல் முடிந்த கடிகாரம் இன்று ஓடுகிறதென்றால், செய்தவர்களைவிட அதிகம் பேர் அதைக் காத்திருக்கிறார்கள். அதனால் ஒரு கடிகாரத்தைச் சேகரிப்பவர் செய்து முடிந்த பொருளை வாங்குவதாக நினைத்தால் அது பிழை. இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலையில் தம் முறையை ஏற்கிறார். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, சாவியே கொடுக்காமல், பெயருக்காகவும் விலைக்காகவும் வைத்திருப்பதை நான் சேகரிப்பாக ஏற்கவில்லை. அருங்காட்சியகங்கள் தேய்மானம் கருதி ஓட விடாமல் வைப்பது வேறு கணக்கு. அங்கே பாதுகாப்பே பராமரிப்பு. கர்ட்னி ஏட்ரியன் இல்பர்ட் சேர்த்தவை 1958-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்ததால்தான் ஆங்கில எஸ்கேப்மெண்டுகளின் வம்சாவளியை இன்று ஒரே இடத்தில் வைத்துப் படிக்க முடிகிறது.

சிக்கலான கடிகாரங்களில் சேகரிப்பாளர்கள் மிகவும் மதிப்பது 'பெர்பெச்சுவல் காலண்டர்', அதாவது நிரந்தர நாட்காட்டி. மட்ஜ் 1760களிலேயே இதைப் பாக்கெட் கடிகாரத்துக்குள் அடக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சோஹோவில் நிக்கோல் நீல்சன் போன்ற பட்டறைகள் சிக்கலான இயந்திரங்களில் பெயர் பெற்றன. இந்த நாட்காட்டியின் வழக்கமான அமைப்பில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு சக்கரத்தின் விளிம்பில் நாற்பத்தெட்டு மாதங்களும் பள்ளமும் மேடுமாக வெட்டப்பட்டிருக்கும். 31 நாள் மாதத்துக்கு மேடு, 30-க்குச் சிறு பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் ஆண்டுப் பிப்ரவரிக்கு அதைவிடச் சற்றே மேலோட்டமான பள்ளம். மாதக் கடைசியில் யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் நூற்றாண்டு ஆண்டுகள் நானூறால் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்ற கிரிகோரியன் விதி அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. 1900-இல் யாரோ ஒருவர் கையால் தேதியைத் தள்ளி வைத்தார். 2000-இல் தேவைப்படவில்லை. 2100 பிப்ரவரி 28-க்கு அடுத்த நாள், இந்த அமைப்பில் ஓடுகிற ஒவ்வொரு ஆங்கில நிரந்தர நாட்காட்டிக் கடிகாரமும் பிப்ரவரி 29 என்று காட்டும். அதை மார்ச் 1-க்கு நகர்த்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.